இரு குழிகள்
வாடகைக்கு ஓடும் அம்பாசடர் ஒன்றின் இன்ஜின் பட்டறையில் பிரிந்து கிடந்தது. அவ்வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனினும் ஒரு குடும்பம் இன்றும் அதை நம்பியே உலை வைக்கிறது.

கிராங்க் தண்டின் முனையில் சிறு பற்சக்கரம். கேம் தண்டின் முனையில் இரு மடங்கு பற்களுடைய பெரிய சக்கரம். கிராங்க் இருமுறை சுழன்றால் கேம் ஒருமுறையே சுழலவேண்டும். சக்கரம் ஒவ்வொன்றிலும் அடையாளமாக ஒரு சிறு குழி. இரு தண்டுகளின் மையங்களை இணைக்கும் நேர்கோட்டில் அக்குழிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்குமாறு, சங்கிலியோடு சேர்த்தே சக்கரங்களைப் பொருத்தினார் மெக்கானிக். பிறகு இரும்பு அளவுகோலைச் சக்கரங்களின் முகத்தில் குறுக்கே வைத்துப் பார்த்தார். சிறு சக்கரம் இம்மியளவு உள்ளே தள்ளியிருந்தது. அனைத்தையும் கழற்றி, அதன் பின்னே மெல்லிய வளையம் ஒன்றைச் செருகி மீண்டும் பூட்டினார். (அந்த வளையத்தைப் பற்றி நான் கற்ற பாடநூல்களில் ஒரு சொல்லும் இல்லை.)

"ஒரு பல் தவறினால் வண்டி ஓடாதோ?" என்றேன்.

"ஓடினாலும் ஓடிவிடும் ஐயா, அதுதான் சங்கடம். இழுவை இருக்காது, பெட்ரோலைக் குடிக்கும். குற்றமோ மூடிக்குள்ளே இருக்கும்."

மூடியைப் பொருத்துமுன் கிராங்கைக் கையாலேயே இரு முழுச் சுற்றுச் சுழற்றினார். குழிகள் மீண்டும் எதிரெதிரே வந்து நின்றன. காலைமுதல் சாவியோடு காத்திருந்த ஓட்டுநர் குனிந்து, நெடுநேரம் அவற்றைப் பார்த்தார்.

"மூடலாம் அண்ணே" என்றார்.