கம்பெனி போன பின்னும் ஓடும் வண்டி

2025 அக்டோபர் கடைசி நாளில் ஒரு செய்தி வந்தது. மறைமலைநகர் ஆலையில் புதிய எஞ்சின்கள் செய்ய ஃபோர்டு நிறுவனம் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. முதலீடு 3,250 கோடி ரூபாய், உற்பத்தி 2029-இல். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று அறிவித்து, 2022-இல் இதே ஆலையின் கடைசி வண்டியையும் வெளியே அனுப்பிவிட்டுப் போன நிறுவனம்தான் அது.

செங்கல்பட்டில் இருக்கும் நண்பருக்குச் செய்தியை அனுப்பினேன். அவரிடம் இருப்பது ஃபிகோ டீசல். அந்தக் கார் அறிமுகமான 2010-லேயே மறைமலைநகரில் இருந்து வெளிவந்தது. தினமும் அதில்தான் திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார். “கம்பெனி போனபோதும் வண்டி ஓடுச்சு, திரும்பி வர்றேன்னு சொல்லும்போதும் ஓடுது. நடுவுல அதை ஓட வச்சது யாருன்னு வந்து பாருங்க” என்றார்.

அவர் கூட்டிப்போனது திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ள ஒரு பம்புக் கடை. எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் பம்பையும், அதை உள்ளே பீய்ச்சும் நாசிலையும் பழுது பார்க்கிற இடத்துக்கு ஊரில் அதுதான் பெயர். வாசலில் ஒரு இண்டிகா, ஒரு பழைய சுமோ. உள்ளே பெஞ்சின் மேல் டிராக்டர் பம்பு ஒன்று பிரித்துக் கிடந்தது. பக்கத்தில், பழைய செய்தித்தாளில் சுற்றி, புதுப்பட்டினம் பக்கத்து மீனவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ஃபைபர் படகு எஞ்சினின் நாசில். காருக்கும் வயலுக்கும் கடலுக்கும் இங்கே ஒரே வைத்தியர்.

கடைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. என் நண்பர் உட்பட எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’. எட்டாம் வகுப்போடு நின்றவர், லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார். 1980 வாக்கில் அம்பாசிடருக்கு டீசல் எஞ்சின் வந்தது. டாக்சிக்காரர்கள் அதன்மேல் விழுந்தார்கள். லாரிக்கு மட்டுமே இருந்த பம்பு வேலை காருக்கும் வந்தது. 1998 கடைசியில் இண்டிகா வந்த பிறகு கடையில் உட்கார நேரமில்லை என்கிறார். “அப்ப என்கிட்ட மூணு பசங்க இருந்தாங்க சார். இப்ப நான் மட்டும்தான்.”

அன்று பொழுதில் பெரும்பகுதி ஒரே ஒரு கருவியைப் பார்ப்பதில் போய்விட்டது. அது நாசில் டெஸ்டர். பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி, மேலே சின்ன டீசல் டப்பா, ஒரு வட்ட மீட்டர், பக்கவாட்டில் நீண்ட கைப்பிடி. சோதிக்க வேண்டிய நாசிலைக் குழாயில் மாட்டி அண்ணன் கைப்பிடியை அழுத்தினார். அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் முள் மெல்ல ஏறி 130 பாரைத் தாண்டியது. சட்டென்று ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். நாசில் முனையிலிருந்து பனிப்புகையாக டீசல் பாய்ந்தது.

“கேட்டீங்களா? நாசிலு பேசுது. நல்ல நாசிலு இப்படித்தான் பேசும்.”

அடுத்ததை மாட்டினார். சத்தம் இல்லை. முனையிலிருந்து ஒரு பக்கமாகக் கோடு போட்டாற்போல் டீசல் வழிந்தது. பிறகு அழுத்தத்தைத் திறப்பு அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, பத்து எண்ணும் வரை முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. “இது வண்டியில இருந்தா கறுப்புப் புகை, நாக்கிங் சத்தம். விட்டா பிஸ்டன் தலையே ஓட்டை விழுந்துடும்.”

நாசிலைப் பிரித்தார். ஊசியும் அது உட்காரும் கூடும் ஒன்றோடொன்று பொருந்தும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். கரியைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால்தான் எடுக்கிறார். இரும்பு பட்டால் கீறிவிடும். கழுவிய ஊசியைக் கூட்டில் பாதி இழுத்துவிட்டுக் கையை எடுத்தால், தன் எடையிலேயே அது வழுக்கி இறங்க வேண்டும். திறக்கும் அழுத்தம் குறைவாக இருந்தால் ஸ்பிரிங்குக்கு மேல் ஷிம் எனும் மெல்லிய தகடு ஒன்று. மீண்டும் டெஸ்டர். இந்தமுறை பேசியது.

பாயும் டீசலுக்கு எதிரே அவர் விரலைக் கொண்டுபோகவே இல்லை. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவருக்கு ஒரு விரல் இல்லை என்றார். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். பெஞ்சின் மேல் கையுறையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அன்றைய பேச்சில் காப்பீடு என்ற சொல்லை நான்தான் முதலில் எடுத்தேன்.

நண்பரின் ஃபிகோ வேறு தலைமுறை. அது காமன் ரெயில் எஞ்சின். அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், நாசிலைத் திறப்பது மின்சாரம். அதைச் சோதிக்கும் எலக்ட்ரானிக் பெஞ்ச், கோடிங் பற்றி அண்ணன் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை, விட்டுவிடுகிறேன். விளங்கிய ஒன்று, பாட்டில் வைத்தியம். காலையில் வண்டி சீக்கிரம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நண்பர் ஒரு பெரிய பட்டறைக்குப் போக, நாசில் அடங்கிய நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலில் விட்டு, எஞ்சினை ஓடவிட்டார். மூன்று பாட்டிலில் அடிமட்டம் நனைந்தபோது நான்காவது முக்கால் நிறைந்துவிட்டது. அளவுக்கு மேல் டீசலைத் திருப்பி அனுப்புவதுதான் கெட்ட இன்ஜெக்டர். ஆக, கெட்டது ஒன்றே ஒன்று.

கடற்கரைப் பக்கம் பழைய காருக்கு எமன் எஞ்சினில் வருவதில்லை, உப்புக் காற்றில் வருகிறான். மாமல்லபுரத்தில் ஒரு டிங்கர் பட்டறையில் காலடித் தகட்டில் கை நுழையும் ஓட்டையோடு ஒரு கார் நின்றது. அங்கே வெல்டிங் செய்கிற இளைஞர் சொன்ன விதிகள் எளியவை. வாரம் ஒருமுறை வண்டியின் அடிவயிற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பாட்டரியின் எர்த் ஒயர் பச்சை பூத்தால் சுத்தம் செய்யுங்கள். அண்ணனின் விதிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டேங்க் கால் பங்குக்குக் கீழே போக விடாதீர்கள், டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை மறக்காமல் வடியுங்கள். டைமிங் பெல்ட்டை அறும்வரை ஓட்டாதீர்கள், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

இனி காசுக் கணக்கு. ஒரு நாசிலைக் கழுவி, டெஸ்ட் செய்து கொடுக்க அண்ணனுக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். காமன் ரெயில் இன்ஜெக்டர் புதிதாக ஒன்று வாங்கினால் பத்தாயிரத்துக்கு மேல். நான்கையும் மாற்றச் சொல்கிற பட்டறைக்கு அந்த உதிரிபாகத்தில் கமிஷன் உண்டு. பழுது பார்த்தால் கமிஷன் ஏது? அதனால்தான் மாற்று, மாற்று என்கிறார்கள். பாகம் விற்கிறவனிலும் ஒரு ரகம், பழைய நாசிலைப் பாலிஷ் போட்டுப் புது அட்டைப் பெட்டியில் வைத்து விற்கிறான். வண்டி மூன்றே மாதத்தில் திரும்பி வரும்போது திட்டு வாங்குவது அதை மாட்டிய மெக்கானிக். லாபம் நடுவில் இருப்பவனுக்கு, பழி கையில் கரி உள்ளவனுக்கு. இதை என்ன நியாயத்தில் சேர்ப்பது?

புரோக்கர்கள் இன்னொரு பக்கம். ‘டெல்லியில் பத்து வருட டீசலைத் தடை செய்துவிட்டார்கள், இங்கேயும் வரப்போகிறது’ என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள். அந்தத் தடை தலைநகர் வட்டாரத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தால் எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய காருக்கு 10,000 ஆக்கினார்கள். அரசு வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் வண்டியைத் தகுதியாக வைத்திருக்கிற கைக்கு அதில் ஒரு ரூபாயும் போவதில்லை.

பழைய டீசல் புகை நல்லதென்று நான் வாதாடவில்லை. ஒழுகும் நாசிலோடு ஓடும் வண்டி ஊருக்குக் கேடுதான். அந்தக் கேட்டைக் குறைக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் பிரிவு இருக்கிறது. அந்த மாணவர்களை ஆண்டுக்குச் சில வாரங்கள் இப்படிப்பட்ட பம்புக் கடைகளுக்கு அனுப்பி, கற்றுக்கொடுப்பவருக்கு அரசு ஊதியம் கொடுக்கலாம். 3,250 கோடிக்கு ஒப்பந்தம் போடுகிற அரசுக்கு இது பெரிய செலவல்ல.

உங்களிடம் பழைய டீசல் கார் இருந்தால் ஒன்று செய்யுங்கள். மாற்றச் சொன்னால், முதலில் டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். காட்டியவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.