நாற்பது வளைவுக்கு மேலே ஒரு மஞ்சள்

பயிர் மஞ்சளித்தால் காவிரிப் படுகைக்காரன் கை தானாக மடையைத் தேடும். திருவையாற்றுப் பக்கம் மேட்டு நாற்றங்காலில் நாற்று வெளிறினால் தண்ணீர் கட்டுவோம். சேற்றில் நீர் நின்றால் மண்ணிலுள்ள இரும்பு கரைந்து வேருக்குக் கிடைக்கும். நாற்று பச்சை பிடிக்கும். அந்தக் கண்ணோடுதான் வால்பாறைக்குப் போனேன்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதியிலேயே தலை சுற்றிவிட்டது. வரப்பைத் தாண்டி உயரம் அறியாத உடம்பு. மேலே போனால் மலை மலையாகத் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக். ஓடையோரப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் செடிகள் மஞ்சளாக நின்றன.

“தண்ணி பத்தலையா?” என்றேன்.

சூப்பர்வைசர் சிரித்தார். “கூடிப்போச்சு சார். வேருக்கு மூச்சு இல்ல.”

ஆட்கள் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நீர் கட்டுகிற மஞ்சளுக்கு இவர்கள் நீரை வடிக்கிறார்கள்! நெல் தன் தண்டு வழியே வேருக்குக் காற்று அனுப்பிக்கொள்ளும். தேயிலைக்கு அந்த வசதி கிடையாது.

பிறகு இலை இலையாகக் கிள்ளிக் காட்டினார். அடி இலை முழுக்க வெளிறினால் தழைச்சத்துக் குறை. செடி இருப்பதை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதே அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். கொழுந்தே மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. சுண்ணாம்பு மிஞ்சி மண்ணின் புளிப்பு போய்விட்டால், இருக்கிற இரும்பும் வேருக்கு எட்டாது.

தேயிலைக்கு ஏற்ற மண்ணின் கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை. எங்கள் களிமண் 7-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கும். தேயிலை கேட்கிற அளவு புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வந்து பெரும்பாலான பயிர்களின் வேரைக் கெடுத்துவிடும். தேயிலையோ அதை உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்த்துவைக்கிறது. அதனால் வேரும் நன்றாக ஓடுகிறதாம். நஞ்சைத் தின்று கொழுக்கிற செடியை அன்றுதான் பார்த்தேன். பூந்தோட்டத்துக் கமேலியாவும் இதன் பங்காளிதான். தேயிலையின் தாவரப் பெயரே கமேலியா சினென்சிஸ்.

ஒரு நாற்று கேட்டேன்.

“தாராளமா. இந்த மண்ணையே தொட்டியில போட்டு வைங்க. ஆனா உங்க ஊர் போர் தண்ணி சுண்ணாம்புத் தண்ணியா இருந்தா கொழுந்து வெளுத்துரும். மழைத் தண்ணி புடிச்சு ஊத்துங்க.”

“ஐப்பசியில சரி. சித்திரையில எங்க போறது?”

“அப்ப இங்கயே வந்து டீ குடிச்சிட்டுப் போங்க சார்.”