வானம்பாடி கேட்டு வாங்கிய பாட்டு!

1988 ஏப்ரல் 11. டோக்கியோ டோம் அரங்கம் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேடைக்குப் பின்னால் படுக்கையும் டாக்டர்களும் தயார். வெளியே ஆம்புலன்ஸ். மேடையிலோ, 50 வயதுப் பெண்மணி ஒருவர் சிரித்த முகத்தோடு கிட்டத்தட்ட 40 பாடல்களைப் பாடி முடிக்கிறார். இடுப்பு எலும்பில் பாதிப்பு, கல்லீரலில் கோளாறு. முந்தைய வருடம் பல மாதங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர்.

பெயர், மிசோரா ஹிபாரி. 'ஹிபாரி' என்றால் வானம்பாடி. யோகோஹாமாவில் மீன் கடைக்காரர் மகளாகப் பிறந்து, 12 வயதில் முதல் ரெக்கார்டு கொடுத்தவர். போரில் நொறுங்கிப்போயிருந்த ஜப்பானுக்கு அந்தச் சிறுமியின் குரல்தான் ஆறுதல். ஆனால், 1980-களில் அம்மாவையும் இரண்டு தம்பிகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார்.

அதே 1988 கடைசியில் வந்த ஆல்பத்தில்தான் இருந்தது 'கவா நோ நகாரே நோ யோ நி'. 'நதியின் ஓட்டத்தைப் போல' என்று அர்த்தம். எழுதிய யசுஷி அகிமோட்டோவுக்கு அப்போது 30 வயது. டீன் ஏஜ் பெண்களுக்கான பாப் பாடல்கள் எழுதிக்கொண்டிருந்தவர். நியூயார்க்கில் தங்கியிருந்தபோது ஈஸ்ட் ரிவரைப் பார்த்தபடி, சொந்த ஊர் நினைப்பில் எழுதிய வரிகள் இவை. இசை, அகிரா மிதாகே. கம்பெனி வேறொரு பாட்டைத்தான் தனி ரெக்கார்டாக வெளியிட நினைத்தது. 'இந்தப் பாட்டுதான் வேண்டும்' என்று பிடிவாதமாக நின்றவர் ஹிபாரி.

ஏன் என்பது கேட்டால் புரியும். ஆரம்பத்தில் பாடுவதாகவே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, நடந்து வந்த கரடுமுரடான பாதையைப் பற்றித் தணிந்த குரலில் பேசுவது போலிருக்கும். பல்லவி உயரும் இடத்தில் மற்ற பாடகர்கள் என்றால் தொண்டையைத் திறந்து முழங்கியிருப்பார்கள். கைதட்டலும் கிடைத்திருக்கும். இவர் அங்கேதான் குரலை நூல் போல மெலிதாக்கிப் பொய்க்குரலுக்குப் போகிறார். அழுகை வருமோ என்று நாம் பயப்படும் நொடியில், அவர் குரலில் அழுகையே இல்லை!

1989 ஜனவரி 7-ல் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ மறைந்தார். மறுநாள் ஹெய்செய் சகாப்தம் பிறந்தது. 11-ம் தேதி இந்தப் பாட்டு தனி ரெக்கார்டாகக் கடைகளுக்கு வந்தது. பிப்ரவரி 7-ல் கியூஷு தீவின் கோகுராவில் பாடியதுதான் ஹிபாரியின் கடைசிக் கச்சேரி. ஜூன் 24-ல் இறந்தபோது அவருக்கு 52 வயது. ஜப்பான் அரசின் 'மக்கள் கௌரவ விருது' அதன் பிறகு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

தன் கடைசிப் பாட்டு என்று தெரிந்துதான் பாடினார் எனப் பலரும் உருகுவதுண்டு. வரிகளை எழுதியவர் என்னவோ ஊர் ஏக்கத்தில் இருந்த ஓர் இளைஞர்தான்.

இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்போனில் கேளுங்கள். முதல் முறை சப்டைட்டில் வேண்டாம். அந்த மெல்லிய குரல் வரும் இடம் வரைக்கும் மட்டும் பொறுமையாக இருங்கள்.