ஆம்பூர்க்காரிக்குக் கடற்கரைச் சட்டம் எதற்கு?



கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறவர்கள் நாம். ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு டீச்சர் கடற்கரைச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கடைசிவரை படியுங்கள். நான் வக்கீல் இல்லை, ஆசிரியர் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியைதான். ஓய்வுக்குப் பிறகு பொறுமையாகப் படிக்க நேரம் கிடைத்தது. படித்ததில் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

1991-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிப்ரவரி 19 அன்று மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. சி.ஆர்.இசட். என்று செய்தித்தாளில் வருகிறதே, அதுதான். அதே ஆண்டில் நம் வேலூர் மக்கள் நல மன்றம், தோல் கழிவால் பாலாறு கெட்டது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒன்று கடலுக்கு, மற்றொன்று ஆற்றுக்கு. இரண்டும் 1986-இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை.

நம் வழக்கின் தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றைக்கும் 'வேலூர் வழக்கு' என்று அதைத்தான் படிக்கிறார்கள். அதில் இரண்டு கொள்கைகள் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவிக்கப்பட்டன. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது ஒன்று. கெடுதல் வரும் என்று தெரிந்தால், முழு ஆதாரம் வரட்டும் என்று காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று அதே நீதிபதி இன்னொரு தீர்ப்பு சொன்னார். நாகப்பட்டினம் பக்கம் கடலோர வயல்களில் இறால் பண்ணைகள் பெருகி, நெல் விளைந்த நிலமும் குடிநீர்க் கிணறும் உப்பாகிக்கொண்டிருந்த காலம். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கு அது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைக் குளங்களை அகற்றச் சொன்னது நீதிமன்றம். அதற்கு ஆதாரமாகக் காட்டியவற்றில் நான்கு மாதத்துக்கு முன் வந்த நம் வேலூர்த் தீர்ப்பும் ஒன்று. பாலாற்றங்கரையில் பிறந்த நீதி நாகைக் கடற்கரைக்குக் காவல் போனது, பிள்ளைகளே! நம் ஊர்க் கிணறுகள் கெட்டதில் எங்கோ ஒரு கடலோரக் கிணறு பிழைத்தது என்று நான் ஆறுதல் பட்டுக்கொள்வேன்.

இனி கடற்கரைச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2011-லும் 2019-லும் அந்த அறிவிக்கையைத் திருத்தி எழுதினார்கள். அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணற்குன்று, உயிர்கள் வாழும் சேற்றுப்பரப்பு, கடற்புல் படுகை, ஆமை முட்டையிடும் இடம், பறவைகள் கூடு கட்டும் இடம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் அதில் வைத்திருக்கிறார்கள். அலையாத்திக் காடு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் காக்கப்பட வேண்டும்.

இதில் பெரிய யோசனை ஒன்று இருக்கிறது. கரையைக் காக்கக் கல்லைக் கொட்டுவதை மட்டும் நம்பாதே, ஏற்கெனவே அங்கே நின்று காத்துக்கொண்டிருப்பதைக் கெடுக்காமல் விடு என்பதுதான் அது. கல்லைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே பாடம். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கத்தைக் கடல் அரித்துத் தின்றது. ஒரு பக்கம் நிறுத்தினால் மறுபக்கம் கேட்கும், கடலின் கணக்கு அப்படி.

2004 டிசம்பர் 26 சுனாமியை மறந்திருக்க மாட்டீர்கள். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த பிச்சாவரம் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் சேதம் குறைவாக இருந்தது என்று அப்போதே எழுதினார்கள். காடு மட்டும் காரணமில்லை, அந்த ஊர்கள் மேட்டில் இருந்ததும் கடலிலிருந்து தள்ளி இருந்ததும் காரணம் என்று சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆனால் புயலலையின் வேகத்தை அந்த வேர்கள் குறைக்கும், மண்ணைப் பிடித்து வைக்கும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

அந்தக் காட்டின் கதையைக் கேளுங்கள். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பிச்சாவரத்தில் மரங்களைக் கூட்டமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோல ஆனது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி உப்பு ஏறியது, கன்று எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். தண்ணீருக்குப் பாதை கிடைத்ததும் உப்பு குறைந்தது, கன்றுகள் பிடித்தன. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உப்பான மண் மீளும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. உப்பு மண்ணைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது சின்னச் செய்தியா?

இன்னொரு கதை மன்னார் வளைகுடாவில். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் அவை கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. ஆனால் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை நெடுங்காலம் வெட்டி எடுத்திருந்தார்கள். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் சேர்த்தார்கள். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதல். கடற்பசுவைக் காப்பது என்றால் அது மேயும் கடற்புல்லைக் காப்பது என்றுதான் பொருள்.

பவளப்பாறைக் கதையைப் படித்தபோது எனக்குப் பாலாறுதான் கண்முன் வந்தது. கடலுக்குப் பவளமும் அலையாத்தியும் எப்படியோ, பாலாற்றுக்கு மணல் அப்படி. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரம் தாண்டி, நம் மாநிலத்தில் 222 கிலோமீட்டர் வருகிற ஆறு இது. ஆண்டு முழுக்க மேலே தண்ணீர் ஓடும் ஆறு அல்ல. மணலுக்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஊற்றுக்கால்வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற ஆறு. கையால் தோண்டினால் ஊற்று வரும் என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். அந்த மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டோம். அடியில் களிமண் தெரிந்தது, அதில் சீமைக்கருவேலம் முளைத்தது. 2021 நவம்பரில் கரை தொட்டு வெள்ளம் வந்ததே, எல்லோரும் பாலத்தில் நின்று செல்பி எடுத்தீர்களே! அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கப் படுகையில் பழைய மணல் இல்லை. கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலோடு போய்ச் சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே வாயலூரில் இதே பாலாற்றுக்குக் கடற்கரைச் சட்டம் காவல் இருக்கிறது. ஓதம் ஏறும் ஆறுகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். மிக வறண்ட காலத்தில், ஆயிரம் பங்கு நீரில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை ஆற்றோரமும் அந்த மண்டலத்தில் சேரும். கடல் ஏற்றிய உப்புக்கு அளவுகோல் வைத்துக் காக்கிற சட்டம், மனிதன் ஏற்றிய உப்பு இருக்கிற ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வருவதில்லை. கடற்கரை மணற்குன்று சட்டத்தின் கண்ணுக்கு ஓர் உயிர் வாழிடம். பாலாற்று மணல் அதே சட்டத்தின் கண்ணுக்குச் சிறு கனிமம், யூனிட் கணக்கில் விலை போகிற சரக்கு.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் வேலூர்த் தீர்ப்பின் இரண்டு கொள்கைகளில், கெடுத்தவர் கட்டட்டும் என்பதைத்தான் நாம் முப்பது ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். முன்கூட்டியே தடு என்பதைக் கடற்கரை எடுத்துக்கொண்டது. இந்த இடத்தைத் தொடாதே என்று பெயர் சொல்லும் சட்டம் கடலுக்கு வந்தது. நம் ஆற்றுக்கு வரவில்லை.

ஈடு வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுக்க ஆணையம் அமைத்தார்கள், இழப்பீடும் விதித்தார்கள். அது முழுதாகச் சேரவில்லை என்ற வழக்கில்தான், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும். மீதமுள்ள இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடு, கெடுத்தவரிடம் வசூலித்துக்கொள், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமை என்றார்கள். வழக்கை முடித்துக் கட்டாமல் தொடர்ந்து கண்காணிப்போம் என்றும் சொன்னார்கள். நல்ல தீர்ப்பு.

ஆனால் பணம் என்ன செய்யும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் மாமனார் வீட்டுக்கு ஆற்றோரம் தென்னந்தோப்பு இருந்தது. காய் சிறுத்தது, பிறகு குலை தள்ளுவதே நின்றது. இழப்பீடு என்று வந்த தொகையில் போர் போட்டார்கள். அந்தத் தண்ணீரையும் வாயில் வைக்க முடியவில்லை. காசு வந்தது, தண்ணீர் வரவில்லை.

தோல் தொழிலைத் திட்டுவதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு டேனரிச் சம்பளத்திலோ ஷூ கம்பெனிச் சம்பளத்திலோதான் நோட்டுப் புத்தகம் வந்தது. இன்றைக்கும் அதிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களில் என் மாணவிகள் எத்தனையோ பேர். அவர்கள் அடுப்பு எரிய வேண்டும், ஆறும் பிழைக்க வேண்டும். மணலையும் ஊற்றுக்கால்வாயையும் காக்கிற சட்டம் வந்தால் எந்த ஷூ கம்பெனியும் மூடப் போவதில்லை.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இறால் தீர்ப்புக்குப் பிறகு 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, பண்ணைகள் பதிவு பெற்று நடக்க வழி திறந்துவிட்டது. மக்கள் நெருக்கமாக வாழும் கடலோரக் கிராமங்களில் கட்டடம் கூடாத 200 மீட்டரை 2019 அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்தது. வேலி போட்டவர்களே வேலியைத் தள்ளி நடலாம். இருந்தாலும் வேலி என்று ஒன்று இருந்தால்தானே, தள்ளி நட்டாயே என்று கேட்க முடியும்? மீனவ மக்கள் கேட்கிறார்கள். நாம் எதைக் காட்டிக் கேட்பது?

ஆகவே ஒன்றைக் கேட்போம். பாலாற்றில் மிச்சமிருக்கும் மணல் படுகை, ஊற்றுக்கால்வாய், மலட்டாறு போன்ற கிளையாறுகள், மலையிலிருந்து இறங்கும் கானாறுகள், வெள்ளம் பரவும் கரையோரம் ஆகியவற்றை, கடற்கரையில் அலையாத்திக்குச் செய்ததுபோலப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுக் காக்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அரசு வேலையில் இருக்கும் என் பிள்ளைகள், கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் போடப் பெயர் வேண்டும். பெயர் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஊற்றுக்கால்வாய் எங்கே தொடங்கியது, அதற்கு என்ன பெயர், எந்த ஏரிக்குப் போனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டுக் கீழே கமெண்டில் போடுங்கள். 'சூப்பர் டீச்சர்' என்று எழுத வேண்டாம், கால்வாயின் பெயரை எழுதுங்கள். வந்ததையெல்லாம் ஊர்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்தக் குழுவிடம் கொடுக்க அது உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்