அடைத்த பல்லும் அடங்காத வலியும்

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது நம்மவர் முதுமொழி. அவற்றோடு பல்வலியையும் சேர்த்துச் சொல்லாது விட்டனரே என்று அண்மையில் எண்ண நேர்ந்தது.

சென்ற மாசியிற் சூத்தைப்பல் ஒன்றை அடைப்பித்தேன். மறுநாட் காலை, பனியிற் குளிர்ந்த கிணற்றுநீர் பட்டதும் பல் 'சுள்' என்றது. தேநீரும் பனங்கட்டியும் பகையாயின. "தம்பி, பிடுங்கியிருந்தால் ஒருநாள் நோவோடை போயிருக்கும்" என்றார் அன்னையார். மனைவி கராம்பெண்ணெயை நீட்டினாள். பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு என்பர். சொல்லையே தொழிலாகக் கொண்ட ஆசிரியன் பல்லைத் துறக்க ஒருப்படுவனோ?

நிற்க. அடைத்த பின்பும் பல் கூசுவதேன்? பல்லின் வெளியோடாகிய மிளிரிக்கு உணர்ச்சியில்லை. அதனுள்ளிருக்கும் பன்முதலிலோ ஒரு சதுர மில்லிமீற்றருக்குப் பல்லாயிரம் நுண்குழாய்கள் உள. குளிரோ, சூடோ, இனிப்போ பட்டவுடன் அவற்றிலுள்ள நீர்மம் அசைந்து உள்நரம்பைத் தூண்டுகின்றது. சுவீடன் நாட்டு அறிஞர் பிரன்ஸ்ட்ரோம் 1960களில் ஆய்ந்து விளக்கிய உண்மை இது. சூத்தையைக் குடையும்போதே அந்நரம்பு சற்றுக் கலங்கிவிடுகின்றது. இரசக்கலவையால் அடைப்பின், உலோகமாதலால் அது குளிரையும் சூட்டையும் விரைந்து கடத்தும்; வெண்பிசினால் அடைப்பின், இறுகும்போது அது சிறிது சுருங்குதலால் ஓரத்தில் நுண்ணிய இடைவெளி தோன்றலாம். ஆயினும் இக்கூச்சம் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களுள் தானே தணிந்துவிடும்.

என் பல்லோ கடிக்கும்போதும் நொந்தது. ஆகவே பத்தாம் நாள் மீண்டும் வைத்தியரிடம் சென்றேன். அவர் மைத்தாளொன்றைப் பற்களிடையே வைத்துக் கடிக்கச் செய்து, அடைப்பில் நிறம் அழுந்தப் பதிந்த இடத்தைச் சிறிது தேய்த்துவிட்டார். விறைப்பு ஊசி போட்ட வாய்க்கு, அடைப்பு மயிரிழை உயர்ந்திருந்தாலும் அன்று தெரியாதாம். சில நாட்களில் வலி அடங்கிற்று.

தேய்க்குமுன் அவர் இரண்டு வினாக்கள் கேட்டார். குளிர்நீரை விழுங்கிய பின் வலி எவ்வளவு நேரம் நிற்கின்றது? இரவில் அது உறக்கத்தைக் கலைக்கின்றதா? சில நொடிகளில் மறையும் வலி, ஆறிவரும் பல்லின் முணுமுணுப்பு மாத்திரமே. நிமிடக்கணக்கில் நீடிப்பதும், எதுவும் படாமலே துடிப்பதும், துயிலெழுப்புவதும் உள்நரம்பு மீளாவகையிற் கெடுவதற்கு அறிகுறிகள். அப்போது வேர்ச்சிகிச்சை செய்தோ பிடுங்கியோதான் தீர்க்க வேண்டும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் ஒருநாளும் தாமதித்தல் ஆகாது.

நம் வீடுகளில், குறிப்பாக மாணவர்கள், பல் வைத்தியருக்கு அஞ்சி வலியை மறைத்துக்கொள்கின்றனர். பெரியோர் சிலரோ அடைத்தவரைக் குறைகூறிக்கொண்டே கராம்பெண்ணெயிற் காலங்கடத்துகின்றனர். எண்ணெய் நோவை மரக்கச் செய்யுமேயன்றிப் பல்லைக் காக்காது. எப்போது வலிக்கின்றது, எவ்வளவு நேரம் வலிக்கின்றது, கடித்தால் வலிக்கின்றதா என்று நாலு நாள் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். காக்கக்கூடிய பல்லைப் பெரும்பாலும் அக்குறிப்பே காத்துவிடும்.