பீர்மேடு: ஏறும் கோடை, இறங்கும் கோடை

ஏப்ரல் முதல் வாரம். கோட்டயம்–குமுளி மலைச் சாலையில், பீர்மேடு பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றால் இந்த ஊரின் கோடைகாலம் மொத்தமும் கண்ணுக்கு முன்னால் போய்விடும். கீழேயிருந்து ஏறி வரும் வண்டிகளில் எர்ணாகுளத்துக் குடும்பங்கள்: குழந்தைகளின் கழுத்தில் புதுத் தொப்பி, அப்பாக்களின் கையில் கேமரா. பருந்தும்பாறையின் விளிம்பில் நின்று காற்று வாங்க வேண்டும், வாகமண் புல்மேட்டில் உருள வேண்டும். எதிர்த் திசையில் குமுளி வழியாகத் தமிழ்நாட்டுக்கு இறங்கும் பஸ்ஸில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். காலடியில் துணிப்பை, பைக்குள் பாட்டிக்குத் தேயிலைத்தூள். பள்ளி மூடியாகிவிட்டது. இனி இரண்டு மாதம் கம்பம், தேனி, சங்கரன்கோவில்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில் மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. யார் கண்ணிலும் படுவதில்லை. தோளில் ஒரு பை, கையில் பயிற்சிக் கையேடு, சில சமயம் இடுப்பில் ஒரு குழந்தை. பள்ளி ஆசிரியர்கள். ஊரே விடுமுறைக்குக் கிளம்பும் மாதங்களில் இவர்கள் வேலைக்குக் கிளம்புகிறார்கள்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீர்மேட்டுக்குக் கோடையில் வந்து தங்குவது புது வழக்கமல்ல. திருவிதாங்கூர் மன்னர்களுக்கு இது வெயில்கால ஓய்விடம். குட்டிக்கானத்தில் மரங்களுக்கு நடுவே நிற்கும் பழைய மாளிகையின் பெயர் ‘அம்மச்சிக் கொட்டாரம்’. அம்மச்சி என்றால் அரசரின் மனைவி. ராணி அல்ல. மருமக்கள்தாய முறைப்படி ராணிப் பட்டம் அரசரின் சகோதரிகளுக்கும் அவர்கள் வழிப் பெண்களுக்கும்தான். தலைநகரின் சம்பிரதாயத்தில் இரண்டாம் வரிசையில் நின்ற ஒரு மனைவிக்கு இந்தக் குளிர்ந்த மேட்டில் ஒரு வீடு அவள் பேரிலேயே நிலைத்துவிட்டது. ஊரின் பெயரோ இன்னும் சுவாரசியம். தக்கலையில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி, தமிழில் ஞானப் பாடல்கள் எழுதிய பீர் முகமது அப்பா இங்கே வந்து தவமிருந்தார், அதனால்தான் இது பீர்மேடு என்பது தலைமுறைகளாக வழங்கிவரும் கதை. ஆக, மலையாள நாட்டின் மலையுச்சியில் ஒரு தமிழ்ப் புலவரின் பெயர்.

தமிழர்கள் பெருங்கூட்டமாக வந்தது பிற்பாடு. 1860-களில் வெள்ளைக்காரத் துரைகள் காடழித்துக் காப்பி நட்டார்கள். நோய் வந்து காப்பி அழிந்ததும் தேயிலைக்கு மாறினார்கள். மலையடிவாரத்து மலை அரையர்களிடையே பள்ளிகள் நடத்திய ஹென்றி பேக்கர் என்ற மிஷனரிக்கும் இந்தக் காப்பி வரலாற்றில் பங்குண்டு. அவருடைய தாயார் அமீலியா, தஞ்சாவூர் மிஷனைச் சேர்ந்த கோல்ஹாஃப் குடும்பத்துப் பெண். கோட்டயத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். பிரசங்கம், பள்ளிக்கூடம், குடும்பம், மலைப் பயணம் எல்லாம் அந்த வீட்டில் ஒரே வேலையாக இருந்திருக்கின்றன. இன்றைய பீர்மேட்டு ஆசிரியர் வீடுகளைப் பார்த்தால் அந்த வழக்கம் முழுதாகப் போய்விடவில்லை என்று தோன்றும், சம்பளமும் சங்கடமும் வேறு என்றாலும்.

தோட்டத்துக்கு ஆள் வந்தது மலைக்குக் கிழக்கேயிருந்து, மதுரை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து. அவர்கள் பேரன், கொள்ளுப்பேரன்கள் இன்னும் ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் பெரும்பான்மையாக வாழும் தாலுகாக்கள், சென்னை மாநிலத்துடன் சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தோட்டத் தொழிலாளர்கள் நிலையாகத் தங்கும் மக்கள் அல்லர், வந்து போகிறவர்கள் என்பது எதிர்த்தரப்பு வாதங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை கிழக்கே போயின. இந்த இரண்டும் கேரளத்தில் தங்கின. ‘வந்து போகிறவர்கள்’ எழுபது வருடமாகக் கோடைக்குப் போய், ஜூனில் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. கோடை மழை இரண்டு தூறல் விழுந்தால் தேயிலைச் செடி துளிர்த்துத் தள்ளும். ஏப்ரல், மே மாதங்கள் கொழுந்து அதிகம் வரும் பருவம். எடைக்கு மேல் எடை பறித்தால் கூடுதல் காசு. எந்தத் தாயும் அந்த நாட்களில் லயத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. கைக்குழந்தையைத் தோட்டத்துக் காப்பகத்தில் விடலாம். பத்து வயதுப் பையனை எங்கே விடுவது? அட்டையும் பாம்பும் திரியும் மலையில், பள்ளிக்கூடம்தான் அதுவரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்த இடம். அது மூடிய மறுநாளே பாட்டி வீட்டுக்கு பஸ்.

அங்கே போனால் ஒரு சங்கடம். கேரளத்தில் மார்ச் முடிவில் பள்ளி மூடி ஜூன் முதல் தேதி திறக்கும். தமிழ்நாட்டில் ஆண்டுத் தேர்வே ஏப்ரலில்தான். ஆகவே பீர்மேட்டுப் பையன் கம்பத்தில் போய் இறங்கும்போது மாமன் மகன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். மாமன் மகன் விளையாட வரும்போது சித்திரை பாதி போயிருக்கும். அதற்குப் பிறகுதான் கோடை சூடு பிடிக்கிறது. சித்ரா பௌர்ணமிக்குக் குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும், இடுக்கி, தேனி இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்ய, புலிகள் காப்பகத்துக்குள் ஜீப்புகள் வரிசை கட்டும். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தே ஏறுகிறவர்களும் உண்டு. பிறகு மே மாதம் முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களின் காலை நனைக்கும் அந்த ஆற்றுக்கு, 1895 முதல் நீர் வருவது பீர்மேடு தாலுகாவிலிருக்கும் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து. பிள்ளைகளைப் போலவே தண்ணீரும் மலைக்கு மேற்கேயிருந்து கிழக்கே இறங்குகிறது.

ஆசிரியர் வீடுகளுக்கு இந்தத் திருவிழாக்கள் பெரும்பாலும் செவிவழிச் செய்திதான். ஏப்ரலில் எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாள் திருத்தும் முகாம். தேர்தல் வந்தால் அந்த வேலை வேறு. 2021-இல் ஏப்ரல் 6, 2024-இல் ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. இரண்டும் விடுமுறையில் விழுந்தன. மே மாதம் கோடைக்காலப் பயிற்சி. 1997-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் – டி.பி.இ.பி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும் – இரண்டாம் கட்டமாக இடுக்கி, பாலக்காடு, திருவனந்தபுரம் மாவட்டங்களுக்கு வந்தது. அதிலிருந்து பாடநூலும் பாட முறையும் மாற மாற, பயிற்சிகளும் பெருகின. 2024-இல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும் 2025-இல் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் புதுப் புத்தகங்கள். புத்தகம் புதிதென்றால் பயிற்சி தப்பாது.

கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்களாக இருந்தால் கோடையை அட்டவணை போட்டுத்தான் கழிக்க வேண்டும். அவருக்குப் பயிற்சி ஒரு வாரம், அவளுக்கு மறு வாரம். நடுவில் கிடைக்கும் நாலு நாளில் மச்சினி கல்யாணம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வீட்டு ஓடு மாற்றுவது. பெரிய பையனை ஊருக்கு அனுப்பிவிடலாம். சின்னவள் அம்மாவுடன் பயிற்சி மையத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் படம் வரைந்துகொண்டிருப்பாள். இப்படி மூன்று கோடை பார்த்த குழந்தைக்குக் குழு விவாதம், அறிக்கை வாசிப்பு, தேநீர் இடைவேளை எல்லாம் மனப்பாடமாகிவிடும்.

தமிழ் வழி ஆசிரியர்களுக்கு இன்னொரு சுற்று. கேரளத்தில் தமிழ் வழிப் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டு மாவட்டங்களில்தான்: இடுக்கியில் மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம், பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம். பாடநூல்களை மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் தமிழிலும் வெளியிடுகிறது. அதற்கான பட்டறையோ பயிற்சியோ மாநில அளவில் வைத்தால் இரு மாவட்டத்தாரும் ஓரிடத்தில் கூடவேண்டும். பீர்மேட்டிலிருந்து சித்தூருக்கு வரைபடத்தைப் பார்த்தால் வேடிக்கை: கோட்டயம் இறங்கி திருச்சூர் வழியாகச் சுற்றலாம்; இல்லையேல் குமுளி, தேனி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே போய் மறுபடி கேரளத்தில் நுழையலாம். கேரளத்துத் தமிழ்க் கல்வியின் இரண்டு முனைகளைச் சேர்க்கும் சாலை கேரளத்துக்கு வெளியே ஓடுகிறது. போய்ச் சேர்ந்தால் வெயில். 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஸ்வெட்டர் போட்டுப் பழகிய மலைக்காரர்கள் அந்த வெயிலில் என்ன பாடுபடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே சமயம் பீர்மேட்டுக்கே மாநாடு வருவதும் உண்டு. குட்டிக்கானத்தில் 1995-இல் மரியன் கல்லூரி வந்தது. பிறகு பொறியியல் கல்லூரி முதலானவை வந்தன. மூடுபனியும் பைன் மரமும் உள்ள ஊரில் தேசியக் கருத்தரங்கு என்றால் அழைப்பை மறுக்கிற பேராசிரியர் அபூர்வம். முதல் நாள் கட்டுரை, மறுநாள் குடும்பத்துடன் பாஞ்சாலிமேடு. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கல்வியைப் பற்றிப் பேச வெளியூர்க்காரர்கள் குளிருக்கு ஏறிவரும் பருவத்தில், இந்த ஊரின் பள்ளிகளை நடத்துகிறவர்கள் அதே கல்வியைப் பற்றிக் கேட்க வெயிலுக்கு இறங்கிப் போகிறார்கள். இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் கே.கே. சாலை வளைவில், பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

சந்தித்தால் பேச விஷயம் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேல் இருக்கும் தோட்டங்களில் நிர்வாகமே கல்வி வசதி செய்துதர விதி வகுக்கலாம் என்றது. நாலாம் வகுப்பு வரை எஸ்டேட் பள்ளிகள் இப்படித்தான் வேரூன்றின. 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடின. சில ஆண்டுக்கணக்கில் திறக்கவில்லை. இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள். திறந்த தோட்டங்களில் இப்போது அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். தமிழ் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியை இந்திகூடச் சரியாகத் தெரியாத ஒரு சந்தாலிக் குழந்தைக்கு எந்த மொழியில் ‘உட்கார்’ என்று சொல்வாள்? வசதியுள்ள தமிழ்க் குடும்பங்கள் ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகின்றன. பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளியின் பெயர் ‘ஆதாயமற்ற பள்ளி’களின் பட்டியலில் ஏறும். எட்டாத மலைக் குடிகளுக்காக டி.பி.இ.பி. காலத்தில் தொடங்கிய ஓராசிரியர் மையங்கள் 2022-இல் மூடப்பட்டன. அவற்றில் இருபது வருடம் பாடம் நடத்தியவர்களில் பலர் அரசுப் பள்ளிகளில் துப்புரவுப் பணிக்கு அமர்த்தப்பட்டார்கள். பாடம் நடத்திய கைக்குத் துடைப்பம். மலைக்காரர்கள் அதை எளிதில் மறக்கவில்லை.

2025 ஜூலையில் கேரளக் கல்வி அமைச்சர் சிவன்குட்டி ஒரு யோசனையைப் பொது விவாதத்துக்கு வைத்தார்: கோடை விடுமுறையை ஏப்ரல்–மே மாதங்களிலிருந்து மழைக்கால ஜூன்–ஜூலைக்கு மாற்றினால் என்ன? கேரளத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான பீர்மேட்டில் இதற்குத் தலையாட்ட நிறையப் பேர் உண்டு. ஜூனில் கலெக்டர் மழை விடுமுறை அறிவிப்பதும், லயத்துக் கூரை ஒழுக ஒழுகப் பிள்ளைகள் ஈரச் சட்டையுடன் ஜீப்பில் தொங்கி வருவதும் வருடாவருடம் நடப்பது. ஏப்ரலில் இங்கே குளுகுளுவென்று இருக்கும்போது பள்ளியை ஏன் மூடவேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் விடுமுறை மழைக்கு மாறினால் தேனியில் மாமன் மகன் பள்ளியில் இருப்பான். கண்ணகி கோயிலும் வீரபாண்டித் திருவிழாவும் பள்ளி நாட்களில் விழும். கொழுந்துப் பருவத்தில் பள்ளிக்கூடமே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும். லாபமும் நட்டமும் ஒரே வீட்டுக்குள்.

அதுவரை ஜூன் ஒன்றாம் தேதிதான் கணக்கு. மே கடைசி வாரத்தில் பயிற்சி முடித்துத் திரும்பும் ஆசிரியைகள் பையை இறக்கி வைத்த கையோடு லயம் லயமாக ஏறி இறங்குகிறார்கள். உன் மகள் எப்போது வருவாள், டி.சி. கேட்டு யாராவது வந்தார்களா, தம்பியை ஒன்றாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறாய். இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள் அன்று பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த வருடத்துக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவாகிறது.

2023-இல் கேரளத்தில் ஜூன் 1 அன்று பள்ளி திறந்தது. தமிழ்நாட்டில் வெயில் தணியாததால் திறப்பு தள்ளிப்போய், ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று அறிவித்தார்கள். கம்பத்தில் மாமன் மகனுக்கு இன்னும் இரண்டு வாரம் விடுமுறை. அவனை விட்டு யார் கிளம்புவார்கள்? அந்த இரண்டு வாரத்துக்குள் மலைமேல் ஆறாவது வேலைநாள் வந்து போய்விட்டது.