உங்கட கதைகளுக்கு நம்பர் இருக்கோ?

போன வருசம் எங்கட றூமில் ஒருத்திக்கு டெங்கு வந்தது. மூன்றாம் நாள் கிடைத்த இரத்தப் பரிசோதனைத் துண்டில் ‘என்எஸ்1 பொசிற்றிவ்’ என்று இருந்தது. நாங்கள் நான்கு பேர்; மூன்று பேர் கலைப்பீடம், ஒருத்தி விஞ்ஞானபீடம். “அது வைரஸின்ர புரதம். ரெஸ்ற் அதைத்தான் பிடிக்குது” என்று அவள்தான் விளங்கப்படுத்தினாள்.

இந்த வருசம் அவளுடைய ஆய்வே அந்த என்எஸ்1தான். டெங்கு வைரசின் நான்கு வகைகளிலும் அந்தப் புரதம் எப்படி மாறுபடுகிறது என்று பார்க்கவேண்டும். தரவுகளோ ஒரே இடத்தில் இல்லை. அமினோ அமில வரிசை யூனிபுரொட்டில், முப்பரிமாண வடிவம் புரதத் தரவு வங்கியில், மரபணுத்தொடர் ஜென்பேங்கில். அவள் பைதனில் கொஞ்ச வரிகள் எழுதி ஓடவிட்டாள். நாங்கள் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் ஒரே அட்டவணையில் வந்து நின்றது.

எங்களுக்குப் பொறாமை. பழைய சஞ்சிகைகளில் வந்த சிறுகதைகளைத் தேடி நாங்கள் எத்தனை வீட்டுப் படி ஏறியிருப்போம்! “எங்களுக்கும் இப்பிடி ஒண்டு எழுதித் தாவன்” என்று கேட்டோம்.

“உங்கட கதைகளுக்கு நம்பர் இருக்கோ?” என்றாள்.

அப்போதுதான் விளங்கியது. யூனிபுரொட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான ஓர் இலக்கம் உண்டு. பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதினாலும், கருவி அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். அந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. 1965இல் அமெரிக்காவில் மார்கரெட் டேஹொஃப் தன் சகாக்களோடு, ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்த 65 புரதங்களின் வரிசைகளைத் தேடியெடுத்துப் புத்தகமாக்கினார். 1986இல் அமோஸ் பைரோக் சுவிஸ்-புரொட்டைத் தொடங்கினார். அங்கே இன்றைக்கும் ஆட்கள் ஆய்வுக்கட்டுரைகளை வாசித்துச் சரிபார்த்துத்தான் பதிகிறார்கள். கணினி தானாகக் குறிப்பெழுதிய பதிவுகள் ‘சரிபார்க்கப்படாதவை’ என்ற அடையாளத்தோடு தனியாக நிற்கின்றன.

அவளுடைய அட்டவணையிலும் ஒரு சிக்கல் இருந்தது. என்எஸ்1 என்று தேடியதற்கு வந்த வரிசை 3,000 அமினோ அமிலங்களுக்கும் மேலே நீண்டது. டெங்கு வைரசின் பத்துப் புரதங்களும் முதலில் ஒரே சங்கிலியாகத்தான் உருவாகின்றன. பிறகுதான் துண்டு துண்டாக வெட்டப்படுகின்றன. கருவி முழுச் சங்கிலியையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. அதில் என்எஸ்1 வெறும் 352. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் அதே பதிவில் இருந்தது. ஆனால் அதை ஓர் ஆள் வாசிக்கவேண்டியிருந்தது. வாசிக்காமல் விட்டிருந்தால் ஒப்பீடு முழுக்கப் பிழைத்துப் போயிருக்கும்.

இப்போது எங்களிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. கதை, எழுதியவர், சஞ்சிகை, ஆண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் இலக்கம். ஒரே எழுத்தாளர் மூன்று புனைபெயரில் எழுதியிருந்தால் அதையும் குறித்துவைக்கிறோம். இதுவரை 41 கதைகள்.

முதலில் 65 ஆகட்டும். பைதனைப் பிறகு படிப்பம்.